மோஹேல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு விருத்தசேதனம் பழகிய சொல். அதைச் செய்து வைக்கிறவர் யார், அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், யார் அவரைக் கேள்வி கேட்க முடியும் என்பதெல்லாம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. யூத மரபைப் பற்றி எழுதும்போது வாசகர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

மோஹேல் என்பவர் யார்? பூசாரி மாதிரியா?

பூசாரி இல்லை. யூத ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாள் முன்தோலை நீக்கும் விருத்தசேதனச் சடங்குக்கு எபிரேயத்தில் பிரித் மிலா என்று பெயர். அதைச் செய்வதற்குப் பயிற்சி பெற்றவர்தான் மோஹேல். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூதர்கள் சடங்கை ‘பிரிஸ்’ என்றும் ஆளை ‘மொய்ல்’ என்றும் சொல்வார்கள். அவர் ரப்பியாக, அதாவது யூத மத போதகராக, இருக்க வேண்டும் என்றோ, ஆரோனின் ஆசாரிய வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும் என்றோ விதி கிடையாது. நடைமுறையில் பல மோஹேல்கள் ரப்பிகள், சிலர் மருத்துவர்கள், வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு இதையும் செய்கிறவர்களும் உண்டு.

இது உண்மையில் யாருடைய கடமை?

தகப்பனுடையது. ரப்பிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தின் கித்துஷின் பகுதி, மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறது: விருத்தசேதனம் செய்விக்க வேண்டும், தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) கற்பிக்க வேண்டும், தொழில் கற்பிக்க வேண்டும், மணமுடித்து வைக்க வேண்டும். நீச்சலும் கற்றுத்தர வேண்டும் என்று அங்கேயே ஒரு கருத்து உண்டு. தகப்பன் செய்யாவிட்டால் பொறுப்பு ஊர் நீதிமன்றத்துக்குப் போகும். அதுவும் செய்யாவிட்டால், வளர்ந்த பிறகு அவனே தனக்குச் செய்துகொள்ள வேண்டும்.

எத்தனை தகப்பன்மாருக்குப் பெற்ற பிள்ளையின்மேல் கத்தி வைக்கக் கை வரும்? அதனால்தான் மோஹேல். பல சமூகங்களில் தகப்பன் கத்தியை எடுத்து மோஹேலின் கையில் கொடுத்து, ‘என் சார்பில் நீங்கள் செய்யுங்கள்’ என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வார். பார்க்கிறவருக்கு இது சம்பிரதாயம். மத சட்டப்படி மோஹேல் இங்கே தகப்பனின் பிரதிநிதி, அந்த அதிகாரம் அந்தச் சொல்லில்தான் கைமாறுகிறது. தகப்பனே தேர்ந்த மோஹேலாக இருந்தால் வேறொருவரிடம் கொடுக்காமல் தானே செய்வதுதான் சிறப்பு என்பது சட்ட நூல்களின் நிலைப்பாடு.

ஏன் எட்டாம் நாள்?

ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்குக் கொடுத்த கட்டளை அது, லேவியராகமம் 12:3 அதைத் திரும்பச் சொல்கிறது. ஆபிரகாம் அப்போது 99 வயதுக் கிழவர், இஸ்மவேலுக்கு 13 வயது. எட்டாம் நாளில் செய்யப்பட்டவன் என்று வேதம் முதலில் சொல்வது ஈசாக்கை.

எட்டு என்ற எண்ணுக்கு ரப்பிகள் பல விளக்கங்கள் தந்திருக்கிறார்கள். பிரசவித்த தாய்க்கு ஏழு நாள் தீட்டு, அது கழியட்டும், ஊரே மகிழ்ந்திருக்கும்போது பெற்றவர்கள் மட்டும் விலகி வாடி இருக்கக் கூடாது என்கிறது தல்மூத்தின் நித்தா பகுதி. எட்டு நாளுக்குள் ஓர் ஓய்வுநாள் கட்டாயம் வந்துவிடும், ராஜாவைப் பார்க்கப் போகிறவன் முதலில் ராணியைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கிறது ஒரு மித்ராஷ், அதாவது வேதத்துக்கு ரப்பிகள் தந்த பழைய விளக்கவுரை. இரண்டில் எனக்குப் பிடித்தது முதலாவதுதான், தாயை நினைத்துச் சொன்ன காரணம் என்பதால்.

எட்டாம் நாளில்தான் ரத்தம் நன்றாக உறையும் என்று அறிவியல் பூசிய விளக்கம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. பிறந்த குழந்தைக்கு ஆரம்ப நாட்களில் வைட்டமின் கே குறைவு என்பது உண்மைதான். அதை வைத்து வேதத்துக்குச் சான்றிதழ் எழுத வேண்டியதில்லை. மூலநூல் அப்படி ஒரு காரணத்தைச் சொல்லவே இல்லை.

எட்டு நாளை எப்படிக் கணக்கிடுவார்கள்? அது ஓய்வுநாளில் விழுந்தால்?

பிறந்த நாளே முதல் நாள். ஆனால் யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. செவ்வாய் பகலில் பிறந்தவனுக்கு அடுத்த செவ்வாய், செவ்வாய் இரவில் பிறந்தவனுக்கு அடுத்த புதன். சடங்கு பகலில்தான் நடக்க வேண்டும், காலையிலேயே முடித்துவிடுவது வழக்கம்.

எட்டாம் நாள் ஓய்வுநாளில் வந்தாலும், யோம் கிப்பூர் உபவாசத்தன்றே வந்தாலும் தள்ளிப்போடுவதில்லை. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடத் தடை உள்ள மரபில் இது பெரிய விலக்கு. ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கியதற்காகத் தம்மைக் குறை சொன்னவர்களிடம், ஓய்வுநாளிலும் விருத்தசேதனம் பண்ணுகிறீர்களே என்று இயேசு கேட்பது (யோவான் 7:22, 23) இந்த விதியை வைத்துத்தான்.

விலக்கு எதுவரை நீளும் என்று, தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவில் ஒரு சண்டை நடக்கிறது. கத்தி இல்லையென்றால் ஓய்வுநாளிலேயே மரம் வெட்டி, கரி சுட்டு, இரும்பு அடித்துக் கத்தி செய்யலாம் என்கிறார் ரப்பி எலியேசர். முந்தின நாளே செய்துவைத்திருக்கக் கூடிய எந்த வேலைக்கும் விலக்கு இல்லை என்கிறார் ரப்பி அகிவா. வென்றது அகிவா.

சிசேரியனில் பிறந்த குழந்தைக்கும், வேறு காரணத்தால் ஏற்கெனவே தள்ளிப்போன குழந்தைக்கும் ஓய்வுநாளில் செய்ய மாட்டார்கள். அந்தி மயங்கும் நேரத்தில் பிறந்தவன் இன்றையவனா நாளையவனா என்று தெரியாததால் ஒன்பதாம் நாள். வெள்ளிக்கிழமை அந்தியில் பிறந்திருந்தால் பத்தாம் நாள். பண்டிகை நாட்கள் குறுக்கே வந்தால் பதினொன்று, பன்னிரண்டு வரை போகும் என்று மிஷ்னா கணக்குப் போட்டே காட்டுகிறது. தொலைபேசியில் தகப்பன் சொல்லும் பிறந்த நேரத்தைக் கேட்டு இதையெல்லாம் சரியாகச் சொல்வதும் மோஹேலின் வேலை.

அன்று என்ன நடக்கும்?

ஜெப ஆலயத்திலோ வீட்டிலோ உறவுகள் கூடுவார்கள். தாயிடமிருந்து குழந்தையை வாங்கி வருவதற்கு ஒரு தம்பதி இருப்பார்கள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்கு இந்த மரியாதையைக் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கம். குழந்தையைக் கண்டதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒரு நாற்காலி யாருக்கும் இல்லாமல் ஒதுக்கி வைத்திருக்கும். அது தீர்க்கதரிசி எலியாவுக்கு. இஸ்ரவேல் ஜனங்கள் உடன்படிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஓரேபில் கடவுளிடம் முறையிட்டவர் அவர். அப்படிச் சொன்னவர் ஒவ்வொரு விருத்தசேதனத்துக்கும் வந்து தன் கண்ணால் பார்க்கட்டும் என்று மித்ராஷ் அவரை உட்கார வைத்துவிட்டது. குழந்தையைக் கணநேரம் அந்த நாற்காலியில் கிடத்திவிட்டு, சந்தேக் என்பவரின் மடியில் வைப்பார்கள். அன்றைய பெரிய கௌரவம் சந்தேக்குக்கே, பெரும்பாலும் தாத்தா ஒருவர்.

மோஹேல் தன் ஆசீர்வாத வாசகத்தைச் சொல்லிச் செய்து முடிப்பார். பிள்ளையை ‘நம் தகப்பன் ஆபிரகாமின் உடன்படிக்கைக்குள்’ சேர்ப்பதற்கான வாசகம் தகப்பனுடையது. கூடியிருப்பவர்கள், உடன்படிக்கைக்குள் வந்ததைப் போலவே தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயல்களுக்கும் வந்து சேரட்டும் என்பார்கள். பிறகு திராட்சரசக் கோப்பையைக் கையில் ஏந்தி ஜெபம், அதில்தான் குழந்தையின் பெயர் முதன்முதலாக உரக்கச் சொல்லப்படும். அதுவரை பெயரை வெளியில் சொல்லாத குடும்பங்கள் பல. லூக்கா முதல் அதிகாரத்தில் எட்டாம் நாள் கூடியவர்கள் சகரியா என்று பெயரிடப் பார்க்க, எலிசபெத் இல்லை, யோவான் என்று மறிப்பது இந்தக் கட்டத்தில்தான். குழந்தையின் உதட்டில் ஒரு துளி ரசம் வைப்பார்கள். நீக்கிய தோலை மண்ணில் புதைப்பார்கள். அப்புறம் சாப்பாடு.

கத்தி வைப்பதில் என்னென்ன படிகள்?

மூன்று. முன்தோலை வெட்டுவது மிலா. அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைப் பிரித்துப் பின்னே தள்ளி, ஆண்குறியின் மொட்டு முழுவதும் வெளியே தெரியச் செய்வது பெரியா. காயத்திலிருந்து ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது மெத்சித்சா. இரண்டாவது படி இல்லையென்றால் முதல் படி செய்ததாகவே கணக்கில்லை என்கிறது மிஷ்னா. கிரேக்க ஆட்சிக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்களில் நிர்வாணமாக நிற்க வேண்டியிருந்தபோது சில யூதர்கள் எஞ்சிய தோலை இழுத்துவிட்டு அடையாளத்தை மறைத்தார்கள், அதைத் தடுக்கவே பெரியா கறாராக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

கத்தி பெரும்பாலும் இருபுறமும் கூரானது. மொட்டின்மேல் கத்தி படாமலிருக்க, நடுவில் பிளவுள்ள உலோகத் தகடு ஒன்று உண்டு. கேடயம் என்ற பொருளில் அதை மாகேன் என்பார்கள். தோலை அந்தப் பிளவு வழியாக வெளியே இழுத்துப் பிடித்து, தகட்டுக்கு மேலே வெட்டுவார். பெரியாவுக்காகக் கட்டைவிரல் நகத்தை வளர்த்துக் கூராக்கி வைத்திருந்த பழைய மோஹேல்கள் உண்டு, இன்று பலர் கருவி பயன்படுத்துகிறார்கள். அனுபவசாலிக்கு எல்லாமே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

மருத்துவமனைகளில் பயன்படும், சதையை நசுக்கி ரத்தத்தை நிறுத்தும் கவ்விகளை ஆசாரமான மோஹேல்கள் பலர் ஏற்பதில்லை. கொஞ்சமாவது ரத்தம் வர வேண்டும், வலியும் நேரமும் கூடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

மோஹேல் ‘முடியாது’ என்று சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். கையின் வேகத்தைப் பலர் மெச்சுவார்கள், நான் ஒரு மோஹேலை மதிப்பது தள்ளிப்போடத் தெரிந்தவரா என்பதை வைத்துத்தான். உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வந்திறங்கி, சமையலுக்கும் சொல்லியாகிவிட்ட நிலையில், குழந்தையைப் பார்த்துவிட்டு ‘இன்று வேண்டாம்’ என்பதற்குத் தைரியம் வேண்டும்.

அதனால் நல்ல மோஹேல் முன்னாடியே ஒருமுறை வந்து பார்ப்பார். உடம்பிலும் கண்ணிலும் மஞ்சள் இருக்கிறதா, பால் சரியாகக் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று கவனிப்பார், சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேட்கச் சொல்வார். உடம்பு முழுவதையும் பாதிக்கும் காய்ச்சல் போன்ற நோய் வந்த குழந்தைக்கு, குணமான பிறகும் முழுதாக ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குத் தல்மூத் காலத்து வேர் உண்டு. கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனபோது நடந்ததைப் பாபிலோனிய ரப்பி நாத்தான் சொல்கிறார். முதல் மகனும் இரண்டாம் மகனும் விருத்தசேதனத்துக்குப் பின் இறந்துபோக, மூன்றாவதை ஒரு தாய் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். குழந்தை சிவந்திருந்தது. ரத்தம் உடம்பில் அடங்கட்டும், அதுவரை பொறு என்றார் அவர். பொறுத்தாள், குழந்தை பிழைத்தது, அவனுக்கு நாத்தான் என்றே பெயரிட்டார்கள். கப்பதோக்கியாவில் இன்னொரு தாய், அவள் குழந்தை வெளிறிப் பச்சையாக இருந்தது. உடம்பில் ரத்தம் ஊறட்டும் என்றார். அவனும் ஒரு நாத்தான் ஆனான்.

இதைவிட வியப்பானது யெவாமோத் பகுதியில் வருகிறது. ஒரு தாயின் பிள்ளைகள் இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்தால் மூன்றாமவனுக்குச் செய்யாதே என்கிறார் ஒரு ரப்பி, மூன்று பேர் இறந்தால் நான்காமவனுக்குச் செய்யாதே என்கிறார் மற்றவர். செப்போரிஸ் ஊரில் சகோதரிகள் நால்வர். மூவருடைய பிள்ளைகளும் இறந்தபின் நான்காமவளின் பிள்ளைக்கு வேண்டாம் என்று ரப்பன் சிமியோன் பென் கமாலியேல் தடுத்த கதையும் அங்கேயே இருக்கிறது. இது தாய்வழி வருகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். ரத்தம் உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபீலியா குடும்பங்களில் இப்படிப் பரவுவதை பிலடெல்பியா மருத்துவர் ஜான் ஆட்டோ எழுதியது 1803இல்தான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட ஆசிரியராகவும் இருந்த மைமோனிடெஸ், இந்த விதிகளைத் தொகுத்துவிட்டுக் காரணத்தையும் சொல்கிறார்: விருத்தசேதனத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், போன ஓர் உயிரை ஒருபோதும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சகோதரர்கள் இறந்ததால் விருத்தசேதனம் செய்யப்படாமல் வளர்ந்தவன் முழு யூதன்தான், யாரும் குறைசொல்ல முடியாது.

வாயால் ரத்தத்தை உறிஞ்சுவார்கள் என்பது உண்மையா?

எல்லோரும் இல்லை, ஆனால் உண்மை. தல்மூத்தில் ராவ் பாப்பா, உறிஞ்சாத மோஹேல் ஆபத்தானவன், அவனை வேலையிலிருந்து நீக்குங்கள் என்கிறார். அதாவது அந்தக் கால வைத்திய அறிவுப்படி இது குழந்தையின் பாதுகாப்புக்காக வைத்த விதி. கிருமிகளைப் பற்றித் தெரிந்த காலத்தில் அதே செயல் ஆபத்தாகிவிட்டது.

1837இல் வியன்னாவில் விருத்தசேதனம் ஆன குழந்தைகளுக்கு நோய் கண்டபோது, அந்நகரத்து ரப்பி எலியேசர் ஹோரோவிட்ஸ் தம் ஆசிரியர் மோசே சோஃபரிடம் கேட்டார். பிரஸ்பர்கில் (இன்றைய பிராட்டிஸ்லாவா) இருந்த சோஃபர் ஆசாரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவர் என்று பேர் வாங்கியவர். அவரே, வாயால்தான் உறிஞ்ச வேண்டும் என்பதில்லை, பஞ்சால் ஒற்றி எடுக்கலாம் என்று பதில் எழுதினார். பிறகு கண்ணாடிக் குழாய் புழக்கத்துக்கு வந்தது. இன்று பல மோஹேல்கள் குழாயோ பஞ்சோதான் பயன்படுத்துகிறார்கள். ஆசாரமான பக்தி இயக்கத்தினரான ஹசிதிக் சமூகங்கள் பலவும் வேறு சில குழுக்களும் வாயால் செய்வதை விடவில்லை.

நியூயார்க்கில் இதனால் குழந்தைகளுக்கு ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றியதாகச் சுகாதாரத் துறை கண்டறிந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2012இல் மாநகரம் விதித்தது, 2015இல் அந்த விதியை விலக்கிக்கொண்டது. மோஹேல் சொல்லும்வரை காத்திருக்காமல் பெற்றோர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இது என்பேன்.

மோஹேல் ஆவதற்குப் படிப்பு உண்டா?

தேர்ந்த மோஹேலிடம் சீடனாக இருந்து, பார்த்து, கூட நின்று, பிறகு அவர் கண்முன் செய்து பழகுவதுதான் பழைய வழி. இன்றும் அதுவே முதுகெலும்பு, அதோடு கிருமிநீக்கம், உடற்கூறு, முதலுதவி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 1745இலேயே தொடங்கிய இனிஷியேஷன் சொசைட்டி மோஹேல்களைப் பயிற்றுவித்துச் சான்று தருகிறது. இஸ்ரேலில் தலைமை ரப்பி அலுவலகமும் சுகாதார அமைச்சும் சேர்ந்த குழு சான்று வழங்குகிறது. அமெரிக்காவில், நவீனப் போக்குள்ள பிரிவான சீர்திருத்த யூதர்கள் 1984இல் மருத்துவர்களுக்கென்றே ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள்.

பெண் செய்யலாமா?

யாத்திராகமம் 4இல் கூர்மையான கல்லை எடுத்து மகனுக்குச் செய்தவள் மோசேயின் மனைவி சிப்போராள். கிரேக்க மன்னன் அந்தியோகஸ் தடை போட்ட காலத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்வித்த தாய்மார்கள் கொல்லப்பட்டதை மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. தல்மூத்தில் இரு கட்சியும் உண்டு. கூடாது என்கிறவர்கள், சிப்போராள் வேறு ஆளை வைத்துச் செய்வித்தாள், அல்லது தொடங்கி மோசேயிடம் கொடுத்தாள் என்று விளக்குகிறார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான ஷுல்கான் அரூக் பெண் செய்தால் செல்லும், தெரிந்த ஆண் இருந்தால் அவருக்கு முன்னுரிமை என்கிறது. ஆசாரக் குழுக்களில் ஆண்கள்தான். சீர்திருத்தப் பிரிவிலும், அதற்கும் ஆசாரத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேடிவ் பிரிவிலும் பெண் மோஹேல்கள், பெரும்பாலும் மருத்துவர்கள், இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியிலேயே டாக்டரிடம் செய்துகொண்டால் போதாதா?

மருத்துவர் யூதராக இருந்து, எட்டாம் நாள் பகலில், சடங்கை உணர்ந்து செய்தால் போதும். இரண்டாம் நாளே வேறொருவர் செய்துவிட்டால், ஆசாரப் பார்வையில் அறுவை நடந்திருக்கிறது, உடன்படிக்கை நடக்கவில்லை. அப்போது மோஹேல் ஊசி முனையால் ஒரே ஒரு துளி ரத்தம் எடுப்பார். முன்தோல் இல்லாமலே பிறந்தவனுக்கும், ஏற்கெனவே விருத்தசேதனம் ஆகியிருந்து யூத மதத்துக்கு மாறுகிறவருக்கும் இதே துளிதான்.

குழந்தைக்கு வலிக்காதா?

வலிக்கும். இல்லை என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். இனிப்பு ரசமோ சர்க்கரைத் தண்ணீரோ நனைத்த துணியைச் சப்பக் கொடுப்பது பழைய வழி. மரத்துப்போகச் செய்யும் களிம்பை இன்று பல மோஹேல்கள் அனுமதிக்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போடுவது மருத்துவர் வேலை.

மோஹேல் கூலி வாங்குவாரா?

இலவசமாகச் செய்ய மறுக்கும் மோஹேலை நீதிமன்றம் கண்டிக்க வேண்டும் என்று ஷுல்கான் அரூக்கின் உரைக்குறிப்பில் ரப்பி மோசே இஸ்ஸெர்லெஸ் எழுதியிருக்கிறார். கட்டளையை நிறைவேற்றும் வாய்ப்பே கூலி என்பது இலட்சியம். நடைமுறையில் பயணச்செலவும் நேரமும் இருக்கிறதே, அன்பளிப்பாகவோ கட்டணமாகவோ கொடுக்கிறார்கள். பணமில்லாத வீட்டுக்கு வர மறுக்கும் மோஹேலுக்கு ஊரில் நல்ல பேர் இருக்காது.

மோஹேல்கள் குறிப்பேடு வைத்திருப்பார்களாமே?

ஆம். ஜெர்மனி, அல்சாஸ் பகுதி மோஹேல்கள் பலர் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தேதி, ஊர் என்று வாழ்நாள் முழுக்க எழுதிவைத்தார்கள். அரசுப் பதிவேடுகள் வருவதற்கு முந்தைய காலத்துக்கு வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இவை புதையல். பெண் குழந்தைகளைத் தேடினால் கிடைக்காது. அதே வட்டாரத்தில், குழந்தையைச் சுற்றிய துணியைப் பின்பு நீளப் பட்டையாகத் தைத்து, பூத்தையல் போட்டு, தோராச் சுருளைக் கட்டும் கச்சையாக ஜெப ஆலயத்துக்குக் கொடுப்பார்கள்.

சட்டப்படி தடை உண்டா?

ரோமப் பேரரசன் ஹாத்ரியன் காலத்திலும் தடை வந்ததுண்டு. அண்மையில் பெரிய பரபரப்பு ஜெர்மனியில். 2012 மே மாதம் கொலோன் நீதிமன்றம், ஒரு முஸ்லிம் சிறுவனின் வழக்கில், மதக் காரணத்துக்கான விருத்தசேதனம் உடல் காயமே என்றது. யூதர்களும் முஸ்லிம்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதித்தது. மத அமைப்பு நியமித்த, தகுந்த பயிற்சியுள்ளவர் மருத்துவராக இல்லாவிட்டாலும் முதல் ஆறு மாதத்துக்குள் செய்யலாம். சுவீடனில் 2001 முதல் மோஹேலுக்கு அரசு உரிமம் வேண்டும், வலி மரத்துப்போகச் செய்ய மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் 2018இல் வந்த தடை மசோதா நிறைவேறவில்லை.

இந்திய யூதர்களிடம் இந்த வழக்கம் இருந்ததா?

கொச்சி யூதர்களிடமும் கொங்கண் கரையின் பெனே இஸ்ரவேலரிடமும் இருந்தது. பெனே இஸ்ரவேலர் பல நூற்றாண்டுகள் மற்ற யூதர்களின் தொடர்பு அறுந்து எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். எபிரேயம் மறந்தபோதும் ஓய்வுநாளும் எட்டாம் நாள் விருத்தசேதனமும் அவர்களிடம் தங்கியிருந்தன.

யூத நண்பர் ‘நாளைக் காலை எட்டு மணிக்குப் பிரிஸ்’ என்று மட்டும் சொன்னார். வரச்சொல்லிக் கூப்பிடவில்லையே?

கோபப்படாதீர்கள். இந்த விருந்துக்கு முறையாக அழைத்து ஒருவர் வராமல் போனால் அது அவருக்குப் பாவமாகும் என்ற கருத்து இருப்பதால், இடத்தையும் நேரத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். போகலாம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ளுங்கள். ரத்தம் பார்க்க மனமில்லாதவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள், அங்கே உங்களுக்கும் துணை இருக்கும்.